அலாரத்தின் நெற்றி

2004 கோடை விடுமுறையில், பெரம்பலூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். சலைன் சொட்டுவது நின்றால் கத்தும் அலாரத்துக்கு வயரிங் செய்யும் வேலையை முதலாளி கலியபெருமாள் சார் எனக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்காரர் வாங்க வந்து நிற்கும்போது, தண்ணீர் சொட்டச் சொட்டவே கத்தித் தீர்த்தது.

"மர்ஜியா, எதையாச்சும் நோண்டினியாம்மா?" என்றார் சார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தொடவே இல்ல சார்."

ஆனாலும் ஒவ்வொரு வயராகப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில், துளி விழுவதை உணரும் குட்டிக் கண்ணாடியைத் திருப்பினேன். அதன்மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். காலையில் பட்டறைக்குப் பூஜை போட்டவர் சார்தான்.

துப்பட்டா நுனியால் துடைத்தேன். சத்தம் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சார் தலையைச் சொறிந்தார். "பாக்க நெத்தி மாதிரி இருந்துச்சும்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை, சந்தனம் தோய்ந்த விரலோடு என் மேஜைக்கு வந்து நின்றார். "எங்க வெக்கட்டும், நீயே சொல்லு."

பின்பக்க மூடியைக் காட்டினேன்.

"இதுதான் சார் நெத்தி."