குளிர் ஆகாத அக்கா

வீடு முழுக்க ஒரே ஏசியாகப் போடலாம் என்ற யோசனை என் மனைவியுடையது. செலவைக் குறைக்கும் யோசனை என்னுடையது. எதற்கும் பாதி விலைதான் கேட்பேன் என்பதால் வீட்டில் எனக்குப் ‘பாதி’ என்றே பட்டப்பெயர்.

ஏசிக்காரர் அறைகளை அளந்தார். ஒரே பெரிய மெஷின், கூரைக்கு அடியில் ஓடும் ‘டக்ட்’ என்கிற காற்றுக் குழாய், அதிலிருந்து அறைக்கு ஒரு கிளை என்று தாளில் வரைந்து காட்டினார். மொத்தம் ஆறு அறை. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஏசி போடாமலே எனக்கு உடம்பு சில்லிட்டது.

“ஏதாவது குறைக்க முடியுமா?”

“ஒரு ரூமை விட்டா குறையும் சார். மெஷினே ஒரு சைஸ் சின்னதா போட்டுடலாம்.”

என் கண் நேராகப் பின்பக்க அறைக்குப் போனது. கணவர் போன பிறகு எங்களோடு வந்துவிட்ட என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். பதினோரு வருடமாகத் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கட்டில் எல்லாம் அந்த ஒரே அறைக்குள்.

என் பார்வை போன திசையை மனைவி கவனித்துவிட்டாள். “அண்ணி ரூமுக்குத்தாங்க முதல்ல வேணும். நாள் பூரா அங்கதானே வேகறாங்க?”

“அவளுக்குக் குளிர் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உடனே சளி பிடிச்சுக்கும்.”

கொஞ்சமும் வாய் கூசவில்லை எனக்கு. சின்ன வயதில் சளி பிடித்துக்கொண்டு கிடந்தவன் நான். மழையில் நனைந்து வந்தால் முதலில் என் தலையைத் துவட்டிவிட்டு, அப்புறம்தான் அவள் ஈரம் மாற்றுவாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பின் அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடியது. அவள் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து அறைகளுக்கு வேலை முடிந்தது. குழாய் நீளம் குறைந்தால் செலவும் குறையும் என்றார்கள். அதனால் வெளியே வைக்கிற மெஷினை அக்காவின் ஜன்னலை ஒட்டியே வைக்கச் சொன்னேன். அது கக்குகிற அனல் தாங்காமல் அவள் ஜன்னலைச் சாத்தி வைத்தாள்.

முதல் நாள் எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

“எனக்குத்தான் குளிர் ஆகாதே!” என்று சிரித்தாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வந்தால் சால்வையோடுதான் வருவாள். “நீங்க சொன்னது சரிதாங்க. பாவம், எப்படி நடுங்கறாங்க!” என்று மனைவி என்னை மெச்சுவாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை என் கதை. வலித்தது, வாயைத் திறக்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து ஏசியைச் சுத்தம் செய்ய அதே ஏசிக்காரர் வந்தார். வெளி மெஷினைக் கழுவ வேண்டும், அக்காவின் ஜன்னல் மூடியிருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்றார். போய்க் கதவைத் தள்ளினேன்.

அடுப்பங்கரைபோல் இருந்தது அறை. அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். முதுகு தெப்பமாக நனைந்திருந்தது. கழுத்தெல்லாம் சிவந்த வேர்க்குரு. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பதறி, கட்டிலில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வெக்கையில், என் முன்னால்!

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏசிக்காரரிடம் ஓடினேன்.

“அக்கா ரூமுக்கும் இன்னிக்கே கிளை போட்டுடுங்க. என்ன ஆனாலும் பரவாயில்லை.”

“அப்பவே வழி விட்டுத் தகரம் வச்சு மூடித்தான் சார் வச்சிருக்கேன். மத்த ரூம்ல கொஞ்சம் குளிர் குறையும், பரவாயில்லையா?”

“குறையட்டும்.”

மத்தியானத்துக்குள் அக்காவின் தலைக்கு மேல் குளிர்ந்த காற்று இறங்கியது. அவர் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“எதுக்குடா இப்போ?”

“தப்புப் பண்ணிட்டேன்கா.”

“பண்ணினா பண்ணிட்டுப் போ. உன் பொண்டாட்டிகிட்ட மட்டும் உளறாதே. அவ உன்னைப் பெரிய மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.” சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். “ஐயய்யோ, இதை யாரு திறக்கச் சொன்னது? அண்ணிக்கு ஆகாதே!” என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“ஆமாம்மா, மூடிடு,” என்றாள் அக்கா.

“மூடாதே!” என்றேன். “அவளுக்கு எந்தக் குளிரும் ஆகும். காசுக்காக நான்தான் பொய் சொன்னேன்.”

மனைவி என்னையே பார்த்தாள். முக்காலியிலிருந்து இறங்கி வெளியே போனாள்.

“இதுக்காடா ஆறு மாசமா இதைப் போத்திக்கிட்டுக் கெடந்தேன்?” என்று அக்கா சால்வையை உருவி என் மேல் எறிந்தாள்.

இரண்டு கையாலும் பிடித்தேன். வியர்வையில் ஊறி, ஈரத்துணியாகக் கனத்தது.