கச்சையின் மறுமுனை

மூட்டை தூக்குகிறவனின் சிவப்புக் கம்பளிக் கச்சையை ஒற்றை ஆளாகக் கட்ட முடியாது. ஒருவர் மறுமுனையை இழுத்துப் பிடிக்க, கட்டுகிறவன் பம்பரமாகச் சுழன்று இடுப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வெல்கோவுக்கு மறுமுனை பிடிப்பவள் மனைவி ஸ்தாமெனாதான். அவளுடைய கழுதையை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பிக்கு இரவல் கொடுத்தான். அவள் கச்சையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கழுதை வாசல்ல வந்து நிக்கட்டும். அப்புறம் பிடிக்கிறேன்."

அன்று காலை முனையைக் கதவுக் கொண்டியில் முடிந்து சுழன்று பார்த்தான். கொண்டிக்கு இழுக்கத் தெரியுமா? விதின் நகரத்து ஆற்றுப் படகுத்துறைக்கு வருவதற்குள் கச்சை தொய்ந்துவிட்டது. ஆண்டவன் கொடுத்த இரண்டு கை போதாமல்தான் மனிதன் கச்சையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வெல்கோவின் கச்சையில் புகையிலை, கத்தி, ரொட்டி, வெங்காயம் எல்லாம் இருந்தன. இறுக்கம் மட்டும் இல்லை.

அறுவடைக் காலத்து மூட்டை தூக்கத் துறையில் ஆள் எடுக்கும் நாள் அது. கங்காணி ஹரலம்பி ஒவ்வொருவன் கச்சைக்குள்ளும் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பான். விரல் உள்ளே போனால் ஆள் வெளியே. தொய்ந்த கச்சைக்காரன் முதுகு பிடித்துப் படுத்துவிடுவான் என்பது அவன் கணக்கு. இன்று தள்ளப்பட்டால் குளிர்காலத்துக்கு மாவு கிடையாது.

வரிசையில் முன்னால் நின்ற கின்யோ திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, கச்சைய யாரு பிடிச்சது, பூனையா?"

"கதவு."

"குடுத்து வச்சவன்டா. கதவு திட்டாதுல்ல!"

"சிரிச்சது போதும். கொஞ்சம் பிடியேன்."

"பிடிச்சா எனக்கு என்ன லாபம்? உன்னத் தள்ளிட்டா ஒரு ஆள் குறையும், எனக்கு ரெண்டு மூட்டை கூடும்."

குற்றம் சொல்ல முடியாத வியாபாரம். வெல்கோ அலுப்போடு துறைக்கு மேலே சந்தைக்கு ஏறினான். ஸ்தாமெனா மிளகாய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கச்சையை அவிழ்த்து முனையை நீட்டினான்.

"கழுதை?" என்றாள்.

நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடிப்பாள். ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"கால் ஒடிஞ்சு கெடக்கு. தம்பி கல்லு ஏத்தியிருக்கான். இனி சுமக்காது."

அவள் ஒரு மிளகாயைத் துடைத்து வைத்தாள்.

"சந்தைக்கே தெரியும். நீ எப்ப வாயத் தெறப்பேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

எழுந்தாள். கல்லில் காலை ஊன்றி முனையை இழுத்தாள். அதில் கழுதைக்கான கோபம் முழுக்க இருந்தது. வெல்கோ சுழன்று சுழன்று அவளருகே வந்து முட்டி நின்றான். விலா எலும்புகள் முனகின. கடைசி முனையைச் செருகிவிட்டு முகத்துக்கு நேரே சொன்னாள்:

"நாளையிலேருந்து மிளகா மூட்டைய வீட்லேருந்து இங்க நீ தூக்கிட்டு வரணும். அதுக்கப்புறம் துறைக்குப் போ. சாயங்காலம் மிச்சத்தத் திரும்பத் தூக்கணும்."

"அடியே, அங்க நாள் பூரா தூக்கிட்டு..."

"கழுதையும் நாள் பூராதான்யா தூக்குச்சு."

துறைக்குத் திரும்பி வரிசையில் நின்றபோது கங்காணியின் விரல் நகம்கூட உள்ளே போகவில்லை. "போ, போ" என்று முதுகில் தட்டினான். வெல்கோ குனிந்து முதல் மூட்டையை வாங்கிக்கொண்டான். படகிலிருந்து கிடங்குக்கு நல்ல ஏற்றம்.