கோல் ஷூட்டரின் முழங்கால்

தக்சாயினியை எனக்குப் பிடிக்காது. நல்ல பிள்ளைக்கு நடிக்கவும் எனக்கு வராது. எங்கள் நெல்லியடி வலைப்பந்து அணியில் கோல் ஷூட்டர் அவள். நான் மூன்று வருடமாக அவளுக்குப் பதில் ஆள். அதாவது மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறவள்.

ஒருநாள் பயிற்சியில் குதித்துப் பந்தைப் பிடித்தவள், இறங்கிய இடத்திலேயே விழுந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. டொக்டர் திரும்பக் கிளினிக்குக்கு வரச் சொன்னதை விட்டுவிட்டு, வீட்டார் நாட்டுவைத்தியப் பரியாரியிடம் கொண்டுபோய் எண்ணெய் பூசி மூலிகைப் புக்கை கட்டினார்கள்.

ஐந்து கிழமையில் வீக்கம் வற்றியது. பயிற்றுநர் வாகீசன் சேர் அவளை மைதானத்தில் நேராக ஓடவிட்டுப் பார்த்தார். ஓடினாள்.

"சுளுக்குத்தான், மாறீட்டுது. சனிக்கிழமை பைனலுக்கு நீதான்."

அந்த ஐந்து கிழமையும் அவள் இடத்தில் விளையாடியவள் நான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பிசியோதெரபி படிக்கும் மச்சாள் ஜெசிதா சொல்லியிருந்தாள்: சத்தம் கேட்டு உடனே வீங்கினால் பெரும்பாலும் மூட்டைப் பிடித்திருக்கும் லிகமென்ற் அறுந்திருக்கும், நேராக ஓடலாம், திரும்பும்போதுதான் கால் கைவிடும்.

"சேர், எனக்குச் சத்தம் கேட்டது. உது சுளுக்கில்லை. ஸ்கான் எடுக்காமல் இறக்காதேங்கோ."

"உனக்கு அவளின்ரை இடம் வேணும். வேறை ஏதும் கதை."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதும் பொய்யில்லை. வேறு யாருடைய இடமாகவாவது இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பைனலில் பந்துக்காகச் சட்டென்று திரும்பியவள் சுருண்டு விழுந்தாள். சத்தியமாக, எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அவள் கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

ஸ்கானில் லிகமென்ற் முழுதாக அறுந்திருந்தது. கூடவே உள்ளே சவ்வும் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை, ஒன்பது மாத ஓய்வு. தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நான் சொன்னதுதான் சரி என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.

"நீ சொல்ல முதலே எனக்குத் தெரியும்," என்றாள். "கிணத்தடியிலை திரும்பேக்கை ரெண்டு தரம் கால் விட்டது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பிறகேனடி இறங்கினனி?"

"என்ரை இடத்திலை நிண்டு நீ கப் தூக்கிறதைப் பாக்க ஏலாமல்தான்."

எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கால் என்னுடையதாக இருந்திருந்தால் நானும் இறங்கித்தான் இருப்பேன்.