குங்குமம் வைத்த குப்பி

ஷர்மினிக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு யார் குறுக்கே வந்திருந்தாலும் தொலைந்தார்கள். பின்னே என்ன? கடோலினியம் என்ற உலோகத்தையும் ஆர்செனிக்கையும் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, இருபது நாள் உலையில் மெல்ல மெல்லச் சூடேற்றி, உளுந்து அளவில் ஒன்பது மணிகள் எடுத்திருந்தாள். அப்படியொரு பளபளப்பு. ஆனால் ஈரக்காற்று பட்டால் போச்சு. மலேசியாவின் ஜொகூரில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? அதனால்தான் மணிகளை ஒரு குப்பியில் போட்டு, அதை ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்தாள். நாளைக்குச் சிங்கப்பூரில் அந்த மணிகளைக் குளிரவைத்து, எந்தக் குளிரில் அவற்றின் காந்த குணம் மாறுகிறது என்று அளக்க வேண்டும். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். அந்த எண் இல்லாமல் முனைவர் பட்டம் இல்லை.

ஆயுத பூஜைக்கு சிம்பாங் ரெங்கம் ஊரில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பினால், மணிகள் மங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தன. மூடியில் குங்குமப் பொட்டு.

வழிகாட்டிப் பேராசிரியர் ஹேமநாதன் கூசாமல் ஒத்துக்கொண்டார். ஆய்வகத்துப் பூஜையில் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தார்களாம், இதை மட்டும் விடலாமா என்று வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, வாழையிலையில் வைத்துப் படம் பிடித்தாராம். ஆர்செனிக்கைச் சுண்டலுக்குப் பக்கத்தில் வைத்த மனுஷன், பேராசிரியராம்!

சாமி கும்பிட்டதில் அவளுக்குக் கோபமில்லை. அவளும் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவள்தான். அடுத்து அவர் சொன்னதில்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மணி நேரக் காத்துல என்னம்மா ஆயிரும்? அப்படியே அளந்துரு லா. சரியா வரலன்னா பழைய கட்டுரையில இருக்கிற எண்ணப் போட்டுக்கலாம்."

ஷர்மினி குப்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் மூடிமேல் இருந்தது.

"ஒண்ணும் ஆகலன்னா மோந்து பாருங்க சார். திறக்கிறேன்."

ஈரம் பட்ட ஆர்செனிக் சேர்மம் பூண்டு வாடையோடு விஷவாயு விடும் என்று முதல் வருஷம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். முதுகு கதவில் இடிக்கும்வரை பின்வாங்கிக்கொண்டே போனார்.

"வேணாம்மா, திறக்காத."

அவள் திறக்கவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து, எந்தத் தேதியில் யார் குப்பியைத் திறந்து மாதிரி கெட்டது என்று எழுதினாள். சிங்கப்பூரில் அளக்கக் கிடைத்த நாள் ரத்து, அடுத்தது எட்டு மாதம் கழித்துத்தான் என்பதையும் கீழே எழுதினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள்.

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, மறு கையால் அவர் கையெழுத்துப் போட்டார்.