குண்டான் வரும் வழி

"அடியே நெட்டச்சி, அந்தக் கதவத் தொறக்காத. சொல்லிட்டேன்."

காந்திமதி வெங்காயம் உரித்துக்கொண்டே உப்பு ஜாடியைப் பார்த்து எச்சரித்தாள். ஜாடியில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள், நீல முடியும் நீண்ட கழுத்துமாக ஒருத்தி விண்கலத்தின் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மெஸ் கூடத்தின் மேசைகள் துடைத்த ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தன. கழுவிய அண்டாக்கள் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்தன. நீல முடிக்காரி கதவைத் திறந்தாள். பச்சைப் புகை உள்ளே பாய்ந்தது. காந்திமதி கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினாள். சொன்னால் கேட்கிறாளா பார், இவளை எவன் கேப்டன் ஆக்கினான் என்று கேட்டாள். எதிரே மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பூமாரிக்குச் சிரிப்பில் புரையேறியது.

வல்லம் வடகாலில் இருந்த அந்தப் பெண்கள் விடுதியில் காந்திமதிதான் சமையல். பென்னலூரிலிருந்து விடியற்காலையில் வந்துவிடுவாள். அவள் கணவன் கண்ணப்பன் ஒரு கம்பெனி பஸ்ஸின் டிரைவர். போகிற வழியில் அவளை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வான். பூமாரி உடன்குடிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்து வந்திருந்தாள். கவுன், தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கண் மட்டும் வெளியே. சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் கூப்பிட்டபோது அவள் "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட, லைன் முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு யாராவது இருமினால்கூடப் பக்கத்தில் இருப்பவர்கள் "வாரேன் அண்ணாச்சி" என்றார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விளையாட்டுதான். ஆனாலும் பூமாரி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தலையை ஆட்டினால் முடிகிற இடங்களில் தலையை மட்டும் ஆட்டினாள். மாஸ்க் அதற்கு வசதியாக இருந்தது.

காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் அவள்தான். கூட்டம் குறைந்தபிறகு செல்போனை டம்ளரில் சாய்த்துவைத்துப் படம் பார்த்தபடி சாப்பிடுவாள். ஒருநாள் சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் போன காந்திமதி நின்றாள். பொம்மைப் படமா என்று கேட்டாள். பூமாரி தலையை ஆட்டினாள். கப்பல் எங்கே போகிறது என்று கேட்டாள். அதற்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாது. பூமி கெட்டுப்போய்விட்டதால் ஒரு கூட்டம் வேறு வீடு தேடிக் கிளம்பியிருக்கிறது, கப்பலில் விதைகள் இருக்கின்றன, எந்தக் கிரகத்தில் முளைக்கிறதோ அங்கே தங்குவார்கள் என்று பூமாரி சொன்னாள். காந்திமதி வாளியைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று இரண்டாவது முறை சாம்பார் கேட்ட பெண்ணுக்குச் சாம்பார் வரவே இல்லை.

தொடர் ஜப்பானிய மொழியில் இருந்தது. கீழே ஆங்கில எழுத்து ஓடும். அது ஓடுகிற வேகத்துக்குப் பூமாரியால் தமிழில் சொல்ல முடியவில்லை. அதனால் காலையில் பஸ்ஸில் போகும்போதே அன்றைய பகுதியை ஒருமுறை பார்த்து, சந்தேகமான வார்த்தைகளைத் தேடித் தெரிந்துகொண்டு, மதியம் காந்திமதிக்கு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஜப்பானியப் பெயர்கள் காந்திமதியின் வாயில் நுழையவில்லை. கேப்டன் நெட்டச்சி ஆனாள். எப்போதும் தூங்கிவழிகிற இஞ்சின்காரன் சோம்பேறி ஆனான். அடுப்படியில் வேலை பார்க்கிற, வட்டமான, அலுமினிய நிற ரோபோவைப் பார்த்த உடனே, "தோ பாரு, குண்டான்" என்றாள். சோறு வடிக்கிற குண்டானுக்குக் கைகால் முளைத்த மாதிரிதான் அது இருந்தது. அதன்பிறகு அதன் உண்மைப் பெயர் பூமாரிக்கே மறந்துவிட்டது.

காந்திமதி பார்க்கிற விதமே வேறு. லேசர் சண்டையில் அவளுக்கு அக்கறை இல்லை. இத்தனை பெரிய கப்பலில் ஒருத்தரும் கூட்டிப் பெருக்கவில்லையே, தூசி எங்கே போகும் என்று கேட்டாள். எல்லோரும் வெள்ளை உடையும் மூக்குமூடியுமாகக் கண்ணாடி அறையில் நிற்கிற காட்சி வந்தால், இதற்கா அவ்வளவு தூரம் போனார்கள், உங்கள் கம்பெனி மாதிரியே இருக்கிறதே என்றாள். ஒரு பகுதியில் கப்பலில் எடை போய்விட்டது, ஆட்கள் மிதந்தார்கள். "சாம்பார் ஊத்துனா இன்னா ஆவும்?" என்று அவள் கேட்டு வாய் மூடவில்லை, குண்டான் கையிலிருந்த சூப் உருண்டை உருண்டையாகக் கிளம்பி மேலே போனது. படம் எடுத்தவனுக்குத் தன் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று அன்று முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் சாப்பாட்டுக் காட்சி வந்தால் முகம் மாறிவிடும். குண்டான் தட்டு தட்டாக வைக்கும், ஒவ்வொருவரும் திரையைப் பார்த்தபடியே விழுங்குவார்கள்.

"ஒருத்தனாவது நல்லா கீதுன்னு சொல்றானா பாரு."

அதைக் கேட்டபிறகு பூமாரி தட்டைக் கழுவி வைக்கும்போது, "புளிக்கொழம்பு நல்லாருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகினாள்.

ஒருநாள் காலை, அன்றைய பகுதியைப் பூமாரி ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது பார்த்தாள். பனிக் கிரகத்தில் கப்பல் மாட்டிக்கொள்கிறது. வெளியே இருந்து யாராவது கப்பலைப் பிடித்திருக்கும் நங்கூரக் கம்பியை விடுவித்தால்தான் கிளம்ப முடியும். குண்டான் இறங்கிப் போகிறது. கம்பியை விடுவிக்கிறது. கதவு மூடுகிறது. அவ்வளவுதான், கப்பல் மேலே போய்விடுகிறது. அது இனித் திரும்பி வராது என்று கேப்டன் சொல்கிற எழுத்து திரையில் ஓடியபோது பூமாரியின் மாஸ்க் நனைந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் வீட்டில் ஏதாவதா என்று கேட்டாள். பூமாரி இல்லை என்று தலையை ஆட்டினாள். அன்று லைனில் நின்ற நேரமெல்லாம் இதைக் காந்திமதியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் அந்த இடம் வந்தது. காந்திமதி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். சமைத்துப் போடுகிறவனை விட்டுவிட்டு யாரும் போக மாட்டார்கள் என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். திரையில் கதவு மூடியது. கேப்டனின் உதடு அசைந்தது.

"இன்னா சொல்றா?"

பூமாரி எழுத்தைப் பார்த்தாள். காந்திமதியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க முன்னால போங்க, நான் வேற வழியா வாரேன்னு குண்டான் சொல்லிருக்காம்க்கா. சரி, பாத்து வான்னு சொல்லுதா."

"வருவான் இல்ல?"

"வருவாம்க்கா."

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதைக் காப்பாற்றுவதுதான் வேலையாகப் போயிற்று. அடுத்தடுத்த பகுதிகளில் குண்டான் இல்லை. கேப்டன் ஜன்னல் ஓரம் நின்று வெளியே வெறித்துப் பார்க்கிற காட்சிகள்தான் நிறைய. அந்த இடங்களில் குண்டானிடமிருந்து செய்தி வருவதாகப் பூமாரி சொன்னாள். அவன் பனியில் நடந்து வருகிறான், கால் வழுக்கிவிட்டது, எழுந்துவிட்டான். ஒரு பழைய உடைந்த கப்பலைக் கண்டுபிடித்து அதன் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அங்கே வாலுள்ள குட்டி ஜீவன்கள் பசியோடு அவனைச் சூழ்ந்துகொண்டன, அவற்றுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். முதலில் பயந்து பயந்துதான் சொன்னாள். பிறகு பஸ்ஸில் தொடரைப் பார்ப்பதைவிட, ஜன்னலில் தலை சாய்த்து இன்றைக்குக் குண்டானுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதே அதிகமாயிற்று. லைனில் பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொரு செல்போன் திரையும் ஒளிர்ந்து அணைகிறபோது குண்டானுக்கு ஏதாவது நடந்தது. காந்திமதி இடையிடையே கேள்வி கேட்டாள். பனியில் அடுப்பை எப்படிப் பற்றவைப்பான், அந்தக் குட்டிகள் காரம் சாப்பிடுமா. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடப்போய்க் கதை இன்னும் கொஞ்சம் நீண்டது. பக்கத்து மேசைகளில் பெண்கள் தட்டோடு தங்க ஆரம்பித்தார்கள். சத்தமாகச் சொல்லு என்றார்கள். அவள் சத்தமாகச் சொன்னாள்.

அறைத் தோழி ஜாஸ்மின் மட்டும் குழம்பிப்போனாள். அவள் அந்தத் தொடரை முழுக்கப் பார்த்து முடித்தவள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பூமாரியைப் பிடித்துக்கொண்டாள். நீ சொல்வது எதுவுமே அதில் இல்லையே, குண்டான்தான் எப்போதோ போய்விட்டானே என்றாள். பூமாரி நடந்ததைச் சொன்னாள். ஜாஸ்மின் நனைந்த சுடிதாரை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொன்னாள். அதில் கப்பல் இறங்குகிறது, விதை முளைக்கிறது, எல்லோரும் சேர்ந்து குண்டானுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்கிறார்கள். படம், பூ, தலைகுனிந்து நிற்பது எல்லாம் உண்டு.

"அதுக்கு மேல இன்னா சொல்லுவ? படத்துக்குப் பூ வெச்சா சின்னக் கொழந்தைக்குக்கூட புரிஞ்சிடும்," என்றாள்.

அப்புறம் பூமாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காந்திமதி நம்பிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஞாபகம் வந்தது. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது தீர்ந்திருக்கும். இப்போது குண்டானுக்காகவும் அழ வேண்டும், ஏமாந்ததற்காகவும் அழ வேண்டும். கடைசிப் பகுதி நன்றாகவே இல்லை, பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். காந்திமதி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பெரிய டிவியில் பார்ப்பது என்று பெண்களிடம் சொல்லியும் விட்டாள்.

அன்று மெஸ்ஸில் பிரியாணி. யாரும் சினிமாவுக்கோ கடைக்கோ போகவில்லை. ஜாஸ்மின் டிவியில் தொடரைப் போட்டாள். லீவு நாள் என்பதால் கண்ணப்பனும் மனைவியோடு வந்திருந்தான். பெண்கள் விடுதிக்குள் வருவதற்குக் கூச்சப்பட்டுக் கூடத்து வாசலிலேயே, கவிழ்த்த வாளிமேல் குந்திக்கொண்டான். கப்பல் இறங்கியது. மண்ணில் ஒரு பச்சைத் தளிர் எட்டிப் பார்த்தது. பெண்கள் கை தட்டினார்கள். பூமாரி டிவிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒரு கல், அதன்மேல் குண்டானின் படம். நெட்டச்சி குனிந்து பூ வைத்தாள். சோம்பேறிகூட அழுதான். கூடத்தில் பிரியாணித் தட்டுகளின் சத்தம் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? சொல்லு," என்றாள் காந்திமதி.

பூமாரி துப்பட்டா நுனியைத் திருகினாள். "யக்கா, அவன் வரல்ல. அன்னைக்குக் கதவு மூடினப்பமே போயிட்டான். அவ பாத்து வான்னுல்லாம் சொல்லவே இல்ல. நாந்தான் சும்மா சொன்னேன். அதுக்குப் பொறவு சொன்னது பூரா பொய்."

காந்திமதி அவளைப் பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் ஒதுக்கினாள்.

"தெரியும் கண்ணு. எனக்கு இங்கிலீஷுதான் வராது, கண்ணு நல்லாத்தான் கீது. நெட்டச்சி மூஞ்சியப் பாத்தேனே, வழியனுப்பிட்டு வர்றவ மூஞ்சியா அது? அன்னிக்கு வூட்டுக்குப் போயி நல்லா அழுதுட்டேன்."

"பொறவு ஏன்க்கா தெனமும் கேட்டிய?"

"நீ சொன்னது நல்லாருந்துச்சு. அதான் கேட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் குட்டிங்களுக்குக் கஞ்சி ஊத்துனான் பாரு, அது இவங்களுக்கு வராது" என்று டிவியைக் கையால் காட்டினாள்.

ஜாஸ்மின்தான் முதலில் சிரித்தாள். பிறகு மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. பூமாரி அழுதுகொண்டே சிரித்தாள். எவ்வளவு நாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காந்திமதி தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

வாசலில் கண்ணப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து நின்றிருந்தான். அவனுக்குத் தொடரைப் பார்த்துப் பழக்கமில்லை. சாயங்காலம் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மனைவி சொன்னதைக் கேட்டவன்தான். அவனுக்குத் தெரிந்த குண்டான் பூமாரியின் குண்டான் மட்டுமே. அந்தக் கல்லையும் பூவையும் அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

"ஏம்மா, அது கெடக்கட்டும்," என்றான் தயங்கியபடி. "நேத்து அவன் பழைய கப்பல ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தான்ல. இஞ்சின் ஸ்டார்ட் ஆச்சா, இல்லியா?"

எல்லோரும் பூமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்மின் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினாள்.

பூமாரி முகத்தைத் துடைத்தாள். முதல் தடவை ஸ்டார்ட் ஆகவில்லை என்றாள். கண்ணப்பன், குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று தலையசைத்தான். அந்த வாலுள்ள குட்டிகளெல்லாம் சேர்ந்து இஞ்சின்மேல் ஏறிப் படுத்துச் சூடு பண்ணின, அதற்கப்புறம் ஒரு உறுமல் உறுமிக் கிளம்பியது என்றாள். ஒரு பெண் விசிலடித்தாள். குட்டிகளை ஏற்றிக்கொண்டானா விட்டுவிட்டு வந்துவிட்டானா என்று காந்திமதி கேட்டாள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டான், இடம் போதாமல் ஒன்றை மடியில் வைத்திருக்கிறான் என்று பூமாரி சொன்னாள். அவள் கை இரண்டும் இப்போது இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. சொல்லிக்கொண்டே நடந்தாள், நடக்க இடம் போதவில்லை என்று பெஞ்சின்மேல் ஏறினாள்.

"அப்பம் பாத்துக்கோங்க, எதுத்தாப்புல ஒரு பனிச் செவுரு. எம்புட்டு ஒசரங்கிய?"

அவள் எக்கி, கையை நீட்டினாள். கை போதாமல் சாப்பாட்டுக் கரண்டியை வாங்கி அதையும் நீட்டினாள். அதற்கும் மேலே என்று கண்ணால் காட்டினாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், வாசலில் நின்ற கண்ணப்பனும், கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்க, சுழலும் மின்விசிறிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.