தொடாமல் சொன்ன பழி

ஐந்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்த என் மகன் சுஹாஸ், ஒரு வெள்ளை ஒயின் சீசாவைப் புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே நிறுத்திவிட்டுச் சென்றான். "அடுத்த தடவை வந்து திறக்கறேன்ப்பா." நாளும் திருமுறை ஓதும் வீட்டில் மது. மகனுக்காகப் பொறுத்தேன், கையால் மட்டும் தொட்டதில்லை. தூசி துடைப்பவள் வேலைக்கு வரும் தேவம்மா.

1998 தை மாதம், அவன் வருவதற்கு நான்கு நாள் இருக்கையில், கண்ணாடி வழியே நோக்கினேன். வைக்கோல் நிறத்தில் இருந்தது தேநீராய்க் கறுத்திருந்தது. அளவும் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. தேவம்மாவின் கணவன் குடிப்பவன். எடுத்துக் குடித்துவிட்டு வெல்லத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

எதிர்வீட்டுக் கனகலக்ஷ்மி கேட்கும்படி வாசலிலேயே சொன்னேன்: "உன் புருஷனுக்கு என் வீட்டுச் சீசாதான் கிடைச்சுதா?"

அவள் அழவில்லை. "தொடச்சுத் தொடச்சு வெச்சதுக்கு நல்ல கூலிங்க சாமி." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

சுஹாஸ் வந்தான். சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் சிரித்தான்.

"சீல் அப்படியே இருக்கே. கையில எடுத்துப் பாக்கலையாப்பா? இது ஓக் பீப்பாய்ல வெச்சது. புதுசுல வெண்ணெயும் வெனிலாவுமா மணக்கும். வருஷமாக ஆக அது அடங்கி, தேன், வறுத்த பாதாம் வாசனை வரும். நிறமும் கறுக்கும். நிக்க வெச்சதால கார்க் காஞ்சு கொஞ்சம் ஆவியாயிருக்கு. இந்தச் சூட்டுல கெட்டும் போயிருக்கலாம்."

சீலைக் கிழிக்கப்போன அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "திறக்காதே."

பிழை பொறுக்க வேண்டி நாள்தோறும் பாடும் இதே நாவால் அல்லவா அவள்மேல் அந்தப் பழியைச் சொன்னேன்.

மண்டி மொஹல்லா என்னும் பகுதியில், தன் வீடிருக்கும் சந்தின் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள் தேவம்மா. சீசாவை நீட்டினேன். "சீல் உடையலை. தப்பு என்னோடதும்மா."

அவள் அதைப் பார்க்கவேயில்லை. "நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமுங்களே. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எதிர்வீட்டம்மா சொல்லி ரெண்டு வீட்ல வேலைய நிறுத்திட்டாங்க. கேட்டவங்ககிட்ட சொல்லுங்க சாமி."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நெற்றியில் நீறும் கையில் மதுவுமாகத் தெருவெல்லாம் பார்க்க நடந்து வந்தேன். மறைக்க மேல்துண்டு இருந்தது, மறைக்கவில்லை. எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த கனகலக்ஷ்மியின் கண் முதலில் சீசாவில்தான் விழுந்தது.