கழற்றாத தொப்பி

நீதிபதியின் மேசைமேல், சேறு காய்ந்த ஓர் அகலமான கறுப்புத் தொப்பி, பேஷன்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கப் பார்க்க லங்காஸ்டர் நீதிமன்றம் மறைந்து கல்யாணக் காலை வருகிறது, பாதிரியாரும் இல்லை, மோதிரமும் இல்லை, சடங்கையும் சத்தியத்தையும் ஏற்காத கிறிஸ்தவர்களான குவேக்கர்களின் சபை மௌனமாக உட்கார்ந்திருக்க ஜோனாஸ் எழுந்து அவளிடம் உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான், அப்படியே அது, அரசாங்கத் தேவாலயத்துக்கு அவர்கள் கட்ட மறுத்த வரிக்காக வரிக்காரன் பசுவை ஓட்டிப்போன மத்தியானமாகிறது, பசுவக் கொண்டு போ, எங்க மனசாட்சிய ஓட்டிட்டுப் போக முடியாது என்று அவள்தான் கத்தினாள், அந்த வரிக்காரன் பிறகு ஆற்றங்கரையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான், பக்கத்தில் இந்தத் தொப்பி, இது ஜோனாஸோடது, இப்ப அவன் போட்டிருக்கிறது வேற என்று சொன்னவன் சைலஸ், வசந்தத்தில் சபைக்கு வந்து சேர்ந்தவன், அவள் சுட்ட ரொட்டியைத் தின்றவன், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன், குவேக்கர் பொய் சொல்லமாட்டான் என்று ஊரே அவனை நம்பிவிட்டது, ஜோனாஸுக்குத் தூக்குக் கயிறு தயார்.

நீதிபதி உள்ளே வருகிறார், எல்லார் தொப்பியும் இறங்குகிறது, ஜோனாஸின் தொப்பி அசையவில்லை, கடவுளைத் தவிர யாருக்கும், ராஜாவுக்கும்கூட, குவேக்கர்கள் தொப்பி கழற்றுவதில்லை, ஆனால் அதோ, சைலஸின் மூன்று விரல்கள் முன்விளிம்பைக் கிள்ளித் தொப்பியை எடுக்கின்றன, பழக்கதோஷம் யாரை விட்டது, பேஷன்ஸ் எழுந்துவிட்டாள். வேதப்புத்தகத்துல கைய வச்சு சத்தியம் பண்ணிட்டுப் பேசு என்கிறார் நீதிபதி. மாட்டேன், சத்தியம் பண்ணினாத்தான் உண்மைன்னா மத்த நேரமெல்லாம் பொய்யா பேசறேன்? அப்படின்னா உன் சாட்சி செல்லாது. செல்ல வேண்டாம், நீ உன் கண்ணால பாரு என்கிறாள், நீதிபதியையே நீ என்றதும் கூட்டம் கொதிக்கிறது, குவேக்கர்கள் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள், அவள் நிறுத்தவில்லை, மேசைல இருக்கற தொப்பியோட முன்விளிம்பப் பாரு, தினம் பத்துப் பேருக்குத் தொப்பியக் கழட்டிக் கும்பிடு போட்ட விரல் அழுக்கு, மூணு தடம், என் புருஷன் தொப்பியையும் பாரு, மழைல வெளுத்திருக்கு, விளிம்புல ஒரு தடம் உண்டா, இப்ப உனக்குத் தொப்பியக் கழட்டினானே அவன் விரல வச்சுப் பாரு.

சைலஸ் வாசலைப் பார்த்தான், காவலர்கள் மறித்தார்கள், அந்த வரிக்காரன்தான் மொதல்ல கைய ஓங்கினான் என்று உளறிவிட்டான்.

கொலைப்பழி போச்சு, தொப்பியக் கழட்டிட்டு வீட்டுக்குப் போ, இல்லேன்னா அவமதிப்புக்குச் சிறை என்றார் நீதிபதி, ஜோனாஸ் சிரித்தான், காவலன் தொப்பியைத் தட்டிவிட்டான். அவன் வீட்டுக்கு வரவேண்டும், அதற்காகத்தானே இத்தனையும், ஆனாலும் அவள் குனிந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டித் தன் கையாலேயே அவன் தலையில் வைத்தாள், சிறைவாசல் தாழ்வானது, அவன் தலை குனியாமல் முழங்காலை மடக்கி நுழைந்தான், தொப்பி தலையிலேயே இருந்தது.